கோமாளி மீனும் உப்புநீர்த் தொட்டியும்

ஓரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு கடலோரத்து ஊர் அன்று. ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிரிட்டு வந்த அந்த வட்டாரத்தில் இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் ஆலைகளும் நிறைந்துவிட்டன. அலையைக் காண விரும்புகிறவர் கிழக்கு நோக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்தாக வேண்டும். ஆயினும் 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து பார்த்தபோது, ஆதி மனிதர் செதுக்கிய கற்கருவிகளோடு, ரோமாபுரியின் சரக்கைச் சுமந்து மரக்கலங்களில் வந்திறங்கிய ஆம்போரா ஜாடிகளின் உடைந்த ஓடுகளும் வெளிப்பட்டன என்பதை நோக்கினால், கடலுக்கும் இந்த உள்நாட்டுக் கிராமத்துக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று என்பது விளங்கும். அந்நாளில் கடல் கடந்த சரக்கு வந்தது. இந்நாளிலோ, ஆலை வேலைக்காக இப்பக்கம் குடியேறியவர்களுள் மீன் வளர்ப்பில் பற்றுக்கொண்ட சிலர், கடல்நீரையே வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, அதில் ஆரஞ்சு நிற உடலும் வெண்பட்டைகளும் கொண்ட கோமாளி மீனை வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

ஆசை நியாயமானதே. வீட்டில் வளர்க்கத் தகுந்த கடல் மீன் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பவர்க்குத் தயங்காமல் சொல்லக்கூடிய பெயர் கோமாளி மீன்தான். காரணம் அதன் அழகு மட்டுமன்று. சந்தையில் விற்கும் கடல் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை பவழப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவை. முட்டை முதல் முட்டை வரை முழு வாழ்வையும் மனிதன் கட்டிய தொட்டிக்குள்ளேயே நடத்தி முடிக்கக்கூடியவை சிலவே. அச்சிலவற்றுள் கோமாளி மீன் முதலிடம் பெறுகிறது. அதைப் பாறையிலிருந்து பிடுங்கி வரவேண்டிய அவசியம் இன்று எவருக்கும் இல்லை என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி.

சென்னைக்குக் கடல் மீன் காட்சி புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே, சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், மெரினாக் கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டுப் பல்லாண்டுகள் நடைபெற்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அக்காட்சியகத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது: கடல் வாசலிலேயே கிடந்தது. வடக்குப்பட்டில் தொட்டி வைப்பவர்க்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர் மீனை வளர்ப்பதற்கு முன்னால் கடலை உண்டாக்கிக்கொள்ள வேண்டியவராக இருக்கிறார். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாக, மீனைப் பற்றிச் சற்றே விரிவாகத் தெரிந்துகொள்வோம்.

கோமாளி மீன்களில் ஏறக்குறைய 30 இனங்கள் உண்டு. கடைகளில் ‘நீமோ’ என்ற பெயரில் விலைபோவது பெரும்பாலும் ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ் என்னும் இனம். அந்தமான் கடலிலிருந்து கிழக்கே இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரையிலும் பரவி வாழ்வது. நம் மன்னார் வளைகுடாவில் வாழ்வது ஆம்ஃபிப்ரியான் செபே என்னும் அதன் தாயாதி, கரிய உடலும் இரண்டு வெண்பட்டைகளும் மஞ்சள் வாலும் உடையது, வளர்த்தியிலும் பெரியது. இவையெல்லாம் கடற்சாமந்தி என்னும் பிராணியின் விரல் போன்ற கொடுக்குகளுக்கிடையே குடியிருப்பவை. அக்கொடுக்குகளின் தோல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஊசிச் செல்கள் நிறைந்திருக்கின்றன. மற்றொரு சிறு மீன் உரசினால் அவை வெடித்து விஷத்தைச் செலுத்தும், மீன் அங்கேயே ஆகாரமாகிவிடும். 1868-ஆம் ஆண்டில் கத்பர்ட் காலிங்வுட் என்னும் ஆங்கிலேய இயற்கைவாணர் சீனக் கடலில் பெரும் கடற்சாமந்திகளையும் அவற்றுக்குள் சௌக்கியமாக நீந்தித் திரிந்த மீன்களையும் கண்டு ஒரு குறிப்பு எழுதினார். அன்று முதல், இந்த மீனை மட்டும் ஊசிகள் ஏன் தீண்டுவதில்லை என்ற வினா விஞ்ஞானிகளை விட்டபாடில்லை.

மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான கோழைப் படலத்தில்தான் விடை இருக்கிறது என்பதில் பலர் உடன்படுகின்றனர். ஊசிச் செல்களைத் தூண்டிவிடும் இரசாயனங்களுள் சியாலிக் அமிலம் என்பது ஒன்று. சாதாரண மீன்களின் கோழையில் அது தாராளமாக உண்டு. கோமாளி மீனின் கோழையில் மிகவும் சொற்பம். முட்டையிலிருந்து வெளிவந்த பச்சிளம் பருவத்தில் அதன் அளவு மற்ற மீன்களைப் போலவே இருக்கிறது. உருமாறிக் கடற்சாமந்தியைத் தேடிச் சேரும் பருவத்தில்தான் குறைகிறது. இன்னொரு சாரார், மீன் முதலில் வாலையும் துடுப்பையும் மெல்ல மெல்லக் கொடுக்கில் உரசி, விலகி, மறுபடி உரசிப் பழகிக்கொள்வதைச் சுட்டிக்காட்டி, கடற்சாமந்தியின் கோழையையே அது மேலே பூசிக்கொள்கிறது என்பர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். இனத்துக்கு இனம் வழி வேறுபடுவதாகவும் தெரிகிறது.

இதைவிட விசித்திரமானது அவற்றின் குடும்ப ஏற்பாடு. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் உருவத்தால் மிகப் பெரியது பெண். அதற்கு அடுத்தது ஆண். மற்றவை யாவும் இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறாமல் வரிசையில் காத்திருக்கும் சிறியவை. பெண் இறந்துவிட்டால், அடுத்த நிலையில் இருந்த ஆண் சில வாரங்களில் பெண்ணாக மாறிவிடுகிறது. காத்திருந்தவற்றுள் மூத்தது ஆணாகப் பதவியேற்கிறது. 1977-ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஃப்ரிக்கே, சைமோன் ஃப்ரிக்கே என்னும் ஜெர்மானிய ஆய்வாளர்கள், மூத்ததன் அதிகாரம்தான் இளையவற்றின் பால் மாற்றத்தைத் தடுத்து வைத்திருக்கிறது என்று ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினர். அதே பத்திரிகையில் 2003-ஆம் ஆண்டு பீட்டர் பஸ்டன் என்பவர், பாப்புவா நியூகினியில் தாம் கண்டதை வைத்து, இன்னும் நுட்பமான ஒன்றைச் சொன்னார்: கீழே உள்ள மீன் தன் வளர்ச்சியைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது, மேலே உள்ளதன் உருவத்தை நெருங்கிவிட்டால் சண்டை வரும், கூட்டத்திலிருந்து துரத்தப்படலாம் என்பதால், எப்பொழுதும் ஒருபடி சிறியதாகவே இருந்துவிடுகிறது. கூட்டுக் குடும்பங்களை அறிந்தவர்கள் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்கள்.

தொட்டி வைப்பவர்க்கு இந்த விஞ்ஞானம் நேரடியாகப் பயன்படுகிறது. ‘ஒரு ஆண், ஒரு பெண் கொடுங்கள்’ என்று கடையில் கேட்க வேண்டியதில்லை. சின்னஞ்சிறு குஞ்சுகளாக இரண்டை, ஒன்று பெரியதும் மற்றொன்று சிறியதுமாகப் பார்த்து வாங்கினால் போதும். பெரியது நாளடைவில் பெண்ணாகிவிடும், சிறியது ஆணாக நின்றுவிடும். வளர்ந்த பெண் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் மட்டும் ஒன்று மற்றொன்றைக் கொல்லாமல் ஓயாது. பெண் திரும்பி ஆணாவதற்கு இயற்கையில் வழி வைக்கப்படவில்லை.

இனி நீருக்கு வருவோம். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள், கொளத்தூர்க் கடைகளில் தங்க மீனையும் கப்பியையும் வாங்கி வந்து போர் தண்ணீரில் விட்டுப் பிழைக்கவைத்தவர்கள், முதலில் தடுக்கி விழும் இடம் இது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும். மேல் விளிம்பையும் கற்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் 170 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புகள் கரைந்திருப்பதால், அத்தனை நீருக்குச் சுமார் 6 கிலோ உப்பு வேண்டும். அது சமையல் உப்பு அன்று. சோடியம் குளோரைடோடு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் முதலியவற்றைக் கடலில் உள்ள பிரமாணத்திலேயே கலந்து விற்கும் செயற்கைக் கடலுப்பு.

கோவளத்திலிருந்தோ மெரினாவிலிருந்தோ கேன்களில் கடல்நீர் கொண்டுவந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கரையோரத்து நீரில் சேறும் சாக்கடையும் கலந்திருக்கும். அன்றியும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரக் கடலின் உப்புத் தன்மையே குறைந்துவிடுகிறது. செயற்கை உப்பே நிச்சயமானது. அதைக் கரைக்கும் நீர்தான் இவ்வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே சுண்ணாம்பும் வேறு உப்புகளும் உண்டு, அவை எவை, எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஆகவே ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிந்த நீரே உகந்தது. அதிலும் குடிப்பதற்காகச் சுவை சேர்க்கும் தாதுக் குழல் பொருத்திய இயந்திரமாயின் அந்தக் குழலுக்கு முன்பே நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரைத்த நீரை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்த்தால், நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடு ஒப்படர்த்தியைக் காட்டும், 1.023-க்கும் 1.026-க்கும் இடையில் அக்கோடு நின்றால் சரி.

தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. கோடையில் நாளொன்றுக்கு ஓரிரு லிட்டர் குறைந்தால், எஞ்சிய நீர் அந்த அளவுக்கு உப்பேறிப்போகிறது. குறைந்ததை நிரப்பக் கடல்நீர் ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிவைத்து, தினந்தோறும் அந்தக் கோடு வரை நிரப்பிவிடுவது எளிய உபாயம். வீட்டார் அனைவரும் இதைத் தெரிந்திருப்பது நல்லது. ஷிப்டு முடிந்து வருபவர் ஒருமுறையும், அவர் செய்யவில்லை என்று எண்ணி மற்றவர் ஒருமுறையும் ஊற்றுகிற வீடுகளும் உண்டு. கோடு இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

உப்பைவிட முக்கியமானது அமோனியா. மீனின் செவுள் வழியாக இடைவிடாது வெளியேறுவதும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதால் உண்டாவதும் அதுவே. அமோனியா நீரில் இரு வடிவங்களில் நிற்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாத அயனி, மற்றது செவுளுக்குள் எளிதில் புகுந்துவிடும் விஷம். நீரின் காரத்தன்மை கூடக்கூட விஷத்தின் பங்கு கூடுகிறது. நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும், கடல்நீர்த் தொட்டியினுடையது 8.2 அளவில் இருக்கும். இந்த வித்தியாசம் எண்ணில் சிறிதாகத் தோன்றினாலும், அதே அமோனியாவில் விஷமாக நிற்கும் பகுதி கடல்நீரில் பத்து மடங்குக்குக் குறையாமல் உயர்ந்துவிடுகிறது. குளத்து மீனுக்கு ஒன்றும் செய்யாத அழுக்கு கோமாளி மீனைக் கொன்றுவிடுவதன் ரகசியம் இதுதான்.

இந்த விஷத்தைத் தீர்ப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்ற, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு வரையில் மீனைப் பாதிப்பதில்லை, பதினைந்து நாளைக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அது கட்டுக்குள் நிற்கும். ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் கடையில் வாங்கிய புதுத் தொட்டியில் இருப்பதில்லை. நாம் கூப்பிட்டு நாளைக்கே வருபவையும் அல்ல. உப்புநீர் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு சிறு இறால் துண்டை அழுகவிட்டு, மீனில்லாமல் தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கவைக்க வேண்டும். முதலில் அமோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், பின்பு அதுவும் இறங்கும். சோதனைத் திரவத்தில் இரண்டும் இல்லையென்று தெரிந்த பிறகே மீன். பாலுக்கு உறை ஊற்றுவது போல, நன்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவருடைய தொட்டியிலிருந்து நோயில்லாத கல் ஒன்றையோ பில்டர் பஞ்சையோ வாங்கிப் போட்டால் இக்காலம் குறையும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கிவிடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. கடல் மீன் வளர்ப்பைக் கைவிட்டவர்கள் பலருடைய கதை அந்த முதல் வாரத்திலேயே முடிந்துபோனதுதான்.

உஷ்ணம் அடுத்த கவலை. இம்மீனுக்கு 25 முதல் 28 டிகிரி வரை ஏற்றது. சித்திரை வைகாசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மாடி வீடுகள் எவ்வளவு கொதிக்கும் என்பதை அங்கே குடியிருப்பவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால், ஆவியாதலினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்; அதற்கும் மேல் வேண்டுமாயின் சில்லர்தான். கடல்நீர், அதே உஷ்ணத்திலுள்ள நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான பிராணவாயுவையே கரைத்துக்கொள்ளும். சூடேறினால் இன்னும் குறையும். இதனால் மின்சாரம் நின்றுவிடுவது இத்தொட்டிக்கு மற்றெல்லா ஆபத்தையும்விடப் பெரிய ஆபத்து. 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தது. பேட்டரியில் ஓடும் ஒரு சிறு காற்றுப் பம்பின் விலை அற்பம்; அதை வாங்கிவைக்காமல் கடல் தொட்டி வைக்கலாகாது.

கடற்சாமந்தி இல்லாமல் கோமாளி மீனா என்று பலர் கேட்பார்கள். இயற்கையில் அதை மீன் நாடுவது பகைவரிடமிருந்து தப்புவதற்காக. கண்ணாடித் தொட்டியில் பகைவர் எவரும் இல்லை. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன் கடற்சாமந்தியைக் கண்ணாலும் காணாமல் சுகமாக வாழ்ந்து முட்டையிடுகிறது. சில வேளைகளில் ஒரு பூந்தொட்டி ஓட்டையோ, காற்றுக் குழாயின் குமிழ்களையோ தன் வீடாகப் பாவித்துக்கொண்டு காவல் நிற்கிறது. கடற்சாமந்திக்கோ, உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளின் பொருட்டுப் பலத்த வெளிச்சமும், பல மாதங்கள் நிலைபெற்றுப் பக்குவப்பட்ட நீரும் வேண்டும். அவை கிடைக்காவிடில் அது வெளுத்துச் சுருங்கி மடிகிறது. மடியும்போது தொட்டி நீர் முழுவதையும் கெடுத்து மீன்களையும் கூட்டிச்செல்கிறது. விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கடலிலிருந்து பெயர்த்தெடுத்தவை. குமிழ்முனைக் கடற்சாமந்தி என்னும் ஒரு வகை மட்டும் தொட்டிகளில் தானே இரண்டாகப் பிளந்து பெருகுவது. அனுபவசாலி ஒருவரிடமிருந்து அத்தகைய பிளவு கிடைத்தால் பார்க்கலாம், மற்றபடி அது வேண்டா.

பவழக்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் புத்தகங்களைப் படிப்பவர்கள் ‘உயிர்க்கல்’ என்னும் பவழப்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கச் சொல்லியிருப்பதைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தருவிக்கப் பார்ப்பதுண்டு. அது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை கட்டும் பவழங்கள் 2001-ஆம் ஆண்டில் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகவும் சிமென்ட்டுக்காகவும் முன்னாளில் பவழம் வெட்டப்பட்டதன் விளைவாக அலையைத் தடுக்க அரணின்றி அவற்றுள் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின என்பதை நினைவில் வைத்தால், அலங்காரத்துக்காக ஒரு கல் என்பது அவ்வளவு அற்பமான விஷயமாகத் தோன்றாது. துளைகள் நிறைந்த பீங்கான் கற்கள் கிடைக்கின்றன. பாக்டீரியாவுக்கு வேண்டியது துளையும் பரப்புமே அன்றிப் பவழமன்று.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கிடையில் கோமாளி மீனை மட்டும் மனச்சாட்சி உறுத்தாமல் வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தோன்றி, 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தலைமையகம் கொச்சிக்குச் சென்ற பின்னும் மண்டபத்துக் கிளை நிலைத்தது. அங்கும், திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்திலும், அந்நிலையத்தார் கோமாளி மீன்கள் பலவற்றைத் தொட்டியில் ஜோடி சேர்த்து, முட்டையிடச் செய்து, குஞ்சு வளர்க்கும் முறைகளை வகுத்தனர். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தார் இன்னொரு படி சென்று, உப்புக் குறைந்த கழிமுக நீரிலேயே இவற்றைப் பெருக்கிக் காட்டினர். கடலின் நடுவில் வாழும் பவழப்பாறை மீனை ஆற்று முகத்து நீரில் வளர்க்கலாம் என்பது அதற்குமுன் பலர் நம்பாத செய்தி; தூரத்து ஊர்களில் உப்பை விலைகொடுத்து வாங்கி வளர்ப்பவர்க்கு அதன் பொருள் மிகப் பெரிது.

மற்ற பாறை மீன்களில் கைகூடாதது இதில் கைகூடியது எப்படி? பெரும்பாலான பாறை மீன்கள் கடுகினும் சிறிய முட்டைகளை நீரில் மிதக்கவிட்டுப் போய்விடுகின்றன. அவற்றிலிருந்து வரும் குஞ்சுக்கு முதல் நாளில் வாயே திறந்திராது. பல வாரங்கள் நடுக்கடலில் அலையும். கோமாளி மீனோ இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள முட்டைகளைக் கல்லில் ஒட்டவைத்துப் பாதுகாக்கும். பண்ணைகளில் ஓட்டுத் துண்டையோ மண்பானையையோ சரித்து வைத்திருப்பார்கள். முட்டையிடும் நாளுக்கு முன்பாகவே ஆணும் பெண்ணும் அந்த ஓட்டைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பிறகு பெண் வயிற்றை ஓட்டில் தேய்த்தவாறு வட்டமிட்டுச் செல்ல, ஆண் அதன் பின்னாலேயே சென்று கருவூட்டும். சில நூறு முட்டைகள், எல்லாம் செந்நிறம், ஒரு முனையால் ஓட்டில் ஒட்டி நீரோட்டத்தில் அசைந்தபடி நிற்கும். அதன் பிறகு உழைப்பெல்லாம் ஆணுடையது: மார்புத் துடுப்புகளால் ஓயாமல் விசிறி, வாயால் ஒவ்வொரு முட்டையாகத் துழாவி, பூஞ்சை பிடித்ததைத் தின்று களைகிறது. பெண் சற்றுத் தள்ளி நின்று, வருகிற எதையும் விரட்டுகிறது. தொட்டியைத் துடைக்க நுழைத்த கையையும் கடிக்கும். மூன்றாம் நான்காம் நாளில் செம்மை மங்கி, ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள் தோன்றும், அவை கண்கள். ஏழாம் எட்டாம் நாளில் அக்கண்கள் வெள்ளி போல மின்னத் தொடங்கினால், அன்றிரவு விளக்கணைந்த சற்றைக்கெல்லாம் குஞ்சுகள் பொரித்துவிடும். பண்ணையாட்கள் அந்த மாலையே ஓட்டை வேறு தொட்டிக்கு மாற்றி, ஆண் மீனின் துடுப்புக்குப் பதிலாகக் காற்றுக் குமிழை அதன் முன்னே ஓடவிட்டு, இருட்டில் காத்திருப்பார்கள்.

பொரித்த குஞ்சு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே. எனினும் வாயும் கண்ணும் வேலை செய்கின்றன. அது உயிருள்ள இரையையே தின்னும், அந்த இரையும் அதன் வாய்க்குள் நுழையும் அளவினதாக இருக்க வேண்டும். ரோட்டிஃபர் என்னும், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே உள்ள நுண்ணுயிரை முதல் நாட்களில் கொடுக்கிறார்கள். அந்த ரோட்டிஃபருக்கு ஆகாரம் பச்சை நுண்பாசி. ஆகவே மீன் பண்ணையில் பாசிப் பண்ணையும் ரோட்டிஃபர்ப் பண்ணையும் முன்னதாகவே நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வாரம் ஆனதும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகள். எட்டு முதல் பதினைந்து நாட்களுக்குள் குஞ்சு உருமாறி, மேல்நீரை விட்டுத் தரைக்கு இறங்கி, முதல் வெண்பட்டையைப் பெறுகிறது. இழப்பில் பெரும்பகுதி இந்த இரண்டு வாரங்களில்தான். அதைக் கடந்தவை பொதுவாகப் பிழைத்துக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் முட்டையிடுவது அருமையன்று. நன்றாகத் தின்று நிம்மதியாக இருக்கும் ஜோடி பதினைந்து நாளைக்கொருமுறையும் இடும். குஞ்சு வளர்ப்பதற்கு மட்டும் இரவு விழிப்பும் பாசி வளர்ப்பும் வேண்டும். மூன்று ஷிப்டு நடக்கும் ஊரில் இரவு விழிப்புக்கு ஆள் கிடைப்பது கடினமன்று!

பண்ணையில் பிறந்த மீனை வாங்குவதில் தர்மத்தோடு சுயலாபமும் கலந்திருக்கிறது. அது பெல்லட் தீனிக்குப் பழகியது. தொட்டி நீரின் சிறு ஏற்றத்தாழ்வைப் பொறுப்பது. கடலில் பிடித்து, பையில் அடைத்து, கை மாறிக் கை மாறி வந்த மீன், புரூக்ளினெல்லா என்னும் ஒட்டுண்ணியோடு வந்துசேர்வது மிகவும் சாதாரணம். தோல் வெளுத்துக் கோழை உரிந்து இரண்டொரு நாளில் மடிந்துபோகும். பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த கதைகளும் உலகறிந்தவை. எங்கே பிறந்த மீனாயினும், பெரிய தொட்டியில் விடுமுன் தனிச் சிறு தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பார்ப்பது உத்தமம். செம்பு கலந்த மருந்துகளை அந்தத் தனித்தொட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை யாவும் மடியும்.

ஆகையால் கடைக்குப் போகிறவர் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: இந்த மீன் எந்தப் பண்ணையில் பிறந்தது? இப்போது என் கண்முன் தீனி தின்னுமா? முதல் கேள்விக்குக் கடைக்காரர் ‘கடல் ஐட்டம் சார்’ என்று பெருமையாகச் சொன்னால், அல்லது இரண்டாவதற்கு ‘இப்பத்தான் தின்னுச்சு’ என்று சமாதானம் சொன்னால், வெறுங்கையோடு திரும்பிவிடலாம், நஷ்டமில்லை. இன்னொன்றும் வாங்குபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நன்றாகப் பேணப்பட்ட கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. நீர் நிறைந்த தொட்டியோ கல்லும் கண்ணாடியும் சேர்த்து 200 கிலோவைத் தாண்டும், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அதை இறக்கி ஏற்றுவது பாக்டீரியாவையும் மீனையும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளாக்குவது. பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில், அடுத்த ஆண்டு வேலை ஓரகடத்திலா ஓசூரிலா என்று தெரியாமல் குடியிருப்பவர், சொந்த வீடோ நிலையான வேலையோ அமையும் வரை இந்த ஆசையைத் தள்ளிவைப்பதே சரி.